ஓர் உலோக இழையை உருக்க எத்தனை மில்லிஜூல்?

1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய, எண்களை ஒளிரக் காட்டும் நிக்சி குழலில், 0 முதல் 9 வரை எண் வடிவிலான 10 கேத்தோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும்; அவற்றுக்குப் பொதுவாக ஒரே ஆனோடு. சோவியத் ஐஎன்-12ஏ குழலும் அப்படித்தான்: மொத்தம் 11 கால்கள். அடுக்கின் நடுவே உலோக இழை சிக்கினால், இரண்டு எண்கள் சேர்ந்தே எரியும்.

அதற்காக மின்னோட்டம் இரட்டிப்பாவதில்லை. 180 வோல்ட் வழங்கினால் குழல் சுமார் 140ஐ எடுத்துக்கொள்ளும். மீதி 40 வோல்ட் 16 கிலோஓம் ரெசிஸ்டரில் விழும். ஆக 2.5 மில்லிஆம்பியர்தான். அதையே இரண்டு எண்களும் பங்குபோட்டுக்கொள்வதால் இரண்டுமே மங்கல்.

3 எரியும்போது 8உம், 8 எரியும்போது 3உம் எரிந்தால் ஷார்ட் என்று சந்தேகிக்கலாம். எந்த எண்ணைப் போட்டாலும் 8 கூடவே வந்தால் முதலில் டிரைவர் சிப்பைப் பாருங்கள். குழலைக் குறை சொல்ல வேண்டாம். 11 கால்களில் 55 ஜோடிகள் உண்டு, ஆனால் ஒளியே ஜோடியைக் காட்டிவிடுவதால் மல்டிமீட்டரில் ஒரே அளவை போதும்.

ஷார்ட் என்று உறுதியானால், ஏற்றிய கெப்பாசிட்டரை அந்த இரண்டு கால்களுக்கிடையே இணைத்து இழையை உருக்கிவிடலாம். இனி அதற்கான கணக்கு. 20 மைக்ரான் விட்டமும் அரை மில்லிமீட்டர் நீளமும் உள்ள நிக்கல் இழை என்று வைத்துக்கொள்வோம். எடை 1.4 மைக்ரோகிராம், மின்தடை 0.1 ஓம். உருக்க ஏறக்குறைய 1.4 மில்லிஜூல் வேண்டும். 30 வோல்ட்டில் ஏற்றிய 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 4.5 மில்லிஜூல் இருக்கிறது; தாராளம் என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்தடை 1 ஓம் என்றால் இழைக்குக் கிடைப்பது 11இல் ஒரு பங்கு, 0.4 மில்லிஜூல். போதாது. 100 மைக்ரோஃபாரட் என்றால் 45 மில்லிஜூல், அதில் இழைக்கு 4.1. இதுதான் சரியான அளவு. 30 வோல்ட்டில் குழலிலுள்ள நியான் வாயு பற்றாது. எனவே மின்சாரத்துக்கு ஷார்ட்டைத் தவிர வேறு வழியில்லை. குழலைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடி சிப்புக்குத்தான்.

வளைந்த கேத்தோடுகளே நேரடியாக ஒட்டியிருந்தால் இந்த வைத்தியம் ஆபத்து: தகடு உருகாது, தொட்ட இடம் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளலாம். எனவே முதலில் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டிப் பார்ப்பதே முறை. அதற்குச் செலவும் இல்லை. கெப்பாசிட்டர் சில ரூபாய். பெரிய ஐஎன்-18 குழலோ ஆயிரங்களில் விற்கிறது.