பவர் மாறியதா, விழித்திரை கசிகிறதா?

சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பார்வை மங்கினால் பெரும்பாலும் முதலில் போவது கண்ணாடிக் கடைக்குத்தான். கம்ப்யூட்டர் டெஸ்ட் இலவசம், பத்து நிமிடத்தில் பவர் தெரிந்துவிடும், சில நாளில் புதுக் கண்ணாடி கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த மெஷின் அளப்பது பவரை மட்டுமே. கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையை அது பார்ப்பதில்லை. சர்க்கரை கெடுப்பதோ அந்த விழித்திரையை. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் மருத்துவமனைக்கு வருவதற்குள், காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையும் பலருக்குப் போய்விடுகிறது.

எல்லா மங்கலும் ஆபத்தில்லை என்பதும் உண்மை. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து உப்பும், பவர் தற்காலிகமாக மாறும். இன்சுலின் தொடங்கிய புதிதில்கூடச் சிலருக்கு இப்படி ஆகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தால் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அதற்குள் வாங்கும் கண்ணாடி வீண்செலவு. கண்புரையும் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. அதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது.

அஞ்ச வேண்டியது விழித்திரைப் பாதிப்புக்கு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழந்து கசியும். கசிந்த நீர் மாக்குலா என்ற மையப்பகுதியில் தேங்கினால் எழுத்தும் முகமும் கலங்கித் தெரியும். இரத்தம் போகாத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கசியும். தழும்பு இழுத்து விழித்திரை பிரிந்துவிடுவதும் உண்டு.

இவ்வளவும் தொடங்கும் காலத்தில் வலி இருக்காது, கண் சிவக்காது, மங்கலும் இருக்காது. “எனக்கு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்?” என்று கேட்பவரைத்தான் இந்த நோய் பிடிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. சென்னையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், சர்க்கரை உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

எனவே பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே கண்ணைக் காட்டிவிட வேண்டும். அது பல வருடம் உடம்பில் ஒளிந்திருந்துவிட்டுத்தான் வெளியே தெரிகிறது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுக்குள் முதல் பரிசோதனை. சர்க்கரையோடு கருவுற்ற பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

பரிசோதனைக்குப் போனால், சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் கண்மணி விரியும். மருத்துவர் விளக்கு வைத்து உள்ளே பார்ப்பார். அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், செல்போன் எழுத்து தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும். அரை நாள் கூலி போகுமே என்றுதான் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைத் தள்ளக் கூடாது. வெளியே வரும் முன் கேளுங்கள்: “சொட்டு மருந்து விட்டு ரெட்டினா பார்த்தாச்சா டாக்டர்? எந்த அளவுல இருக்கு? மாக்குலாவுல வீக்கம் இருக்கா? அடுத்து எப்ப வரணும்?” பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன.

வீட்டில் தினசரி காலண்டரை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண் கெட்டாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் வெகுநாள் தெரியாமலே போகும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் மாக்குலாவைக் காட்ட வேண்டும். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால், கண்ணுக்குள் மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தால், திரை இறங்கியதுபோல ஒரு பக்கம் மறைந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் என்று கண்ணில் விடுவது விழித்திரையைச் சரிசெய்யாது, கிருமித் தொற்றைத்தான் கொண்டுவரும். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

“லேசர் வெச்சதால பார்வை போச்சு” என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. விழித்திரைப் பாதிப்புக்கு வைக்கும் லேசர் சிகிச்சை, போன பார்வையை மீட்பதில்லை, இருப்பதைத் தக்கவைப்பதே அதன் முக்கிய வேலை. தாமதமாக வருபவருக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. மாக்குலா வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதியில் போடுவது. முதலில் மாதம் ஒன்று. ஓர் ஊசியில் தெளிந்துவிட்டதென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பக்கூடும். மருந்துகளின் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் கண்ணுக்கும் உலகெங்கும் பயன்படுகிறது, விலையும் குறைவு. எந்த மருந்து, ஏன், எத்தனை ஊசி, எவ்வளவு செலவு என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சர்க்கரைக் கட்டுப்பாடு இல்லாமல் இந்தச் சிகிச்சைகள் எதுவும் நிலைக்காது. முதல் வகை நோயாளிகளிடம் நடந்து 1993-ல் வெளிவந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்தது. இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: பாலிசிகள் அடியோடு விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் பட்டியலிட்ட நவீன சிகிச்சைகளில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. வரம்பு வைக்கலாம், முழுதாகத் தள்ள முடியாது. “24 மணி நேரம் அட்மிட் ஆகலையே” என்று மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் சரியில்லாவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பார்வை குறைந்தே போய்விட்டாலும் உரிமை முடிந்துவிடுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைந்த பார்வையையும் மாற்றுத்திறனாக ஏற்கிறது. பணியில் இருக்கும் ஒருவருக்கு இந்த நிலை வந்தால், அரசு நிறுவனம் அவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. ஓட்டுநர் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனால், அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான வேலை காலியாக இல்லையென்றால், அது கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு பெறும் வரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்கவும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது.