புகைக்கூடும் எரிவாயு அடுப்பும்

நற்பிட்டிமுனை, கல்முனை, மருதமுனை முதலிய ஊர்களின் பழைய கல்வீடுகளிற் சிலவற்றில் குசினிக்கு மேலே செங்கல்லாலான புகைக்கூடு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. அதன் கீழிருந்த விறகடுப்பின் இடத்தை எரிவாயு அடுப்பு பிடித்துக்கொண்டது. அடுப்பு மாறியபின் புகைக்கூட்டை என்ன செய்வது? சிலர் அதனைச் சீமெந்தால் அடைத்துவிடுகின்றனர். வேறு சிலர், மேலே வழி திறந்திருப்பதால் ஆபத்தொன்றும் நேராதென நம்பி வாளாவிருக்கின்றனர். இரண்டும் பிழையான முடிவுகளே. ஏன் என்பதை அறியப் புகையின் இயல்பையும் வாயுவின் இயல்பையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

விறகு எரியும்பொழுது எழும் புகை சூடானது. சூடேறிய காற்று விரிந்து இலேசாகின்றது. வெளியிலுள்ள குளிர்ந்த, பாரமான காற்று கீழே புகுந்து அதனை மேலே தள்ளுகின்றது. கூடு உயர உயர, உள்ளிருக்கும் சூடு மிக மிக, இழுவையும் மிகும். ஆகவே, புகைக்கூட்டை இயக்குவது சூடேயன்றி வேறன்று.

சமையல் எரிவாயுவோ இதற்கு நேர்மாறானது. புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரு வாயுக்களின் கலவை அது. முன்னையது காற்றிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமுடையது; பின்னையது ஏறத்தாழ இரு மடங்கு பாரமுடையது. எனவே, எரியாமற் கசியும் வாயு புகைக்கூட்டை நாடிச் செல்வதில்லை. தண்ணீரைப்போலத் தரையிற் பரவிப் பள்ளங்களிலே தேங்குகின்றது. காற்றில் நூற்றுக்கு 2 பங்களவு கலந்தாலே தீப்பற்றுவதற்குப் போதும்.

பழைய அடுப்புத் திட்டின் கீழே விறகு அடுக்குவதற்கென விடப்பட்ட பொந்தில் சிலிண்டரை வைக்கும் வழக்கம் இதனாலேயே ஆபத்தானது. கசிந்த வாயு தேங்குவதற்கு அதனினும் வசதியான இடம் இல்லை. இரவெல்லாம் வாயு தேங்கிநின்ற குசினிக்குள், நோன்பு காலத்தில் சஹர் உணவு ஆக்க எழுந்துவரும் பெண் மின்விளக்கின் ஆளியை அழுத்தினால், அங்கே தோன்றும் சிறு பொறியே வீட்டை எரிக்கப் போதும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகளும் தீ விபத்துகளும் நிகழ்ந்தன. கலவையின் விகிதம் மாறியமையும், அழுத்தம் மிகுந்து இணைப்புகளிற் கசிவு ஏற்பட்டமையும் அப்பொழுது பெரிதும் ஆராயப்பட்டன.

ஆதலால், முதலிற் செய்யவேண்டியது சிலிண்டரை வெளியேற்றுவதாகும். குசினிச் சுவருக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அதனை நிமிர்த்தி வைத்தல் வேண்டும். கிணறு, வடிகால், நிலத்துக்குக் கீழான குழி ஆகியவற்றின் அருகே வைத்தலாகாது. உள்ளே, தரையை ஒட்டி, வெளிச்சுவரில் கம்பிவலையிட்ட துவாரங்கள் இரண்டு அமைத்தால் கசியும் வாயு வெளியேற வழியுண்டாகும். இணைப்புகளைச் சவர்க்கார நுரை பூசியே சோதித்தல் வேண்டும். நுரை குமிழியிடுமாயின் கசிவு உண்டு. தீக்குச்சியாற் சோதிப்பது உயிருக்கே உலைவைக்கும்.

அடுத்தது புகைக்கூடு. ஒரு கிலோகிராம் வாயு முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்றுத் தேவை; எரிந்தபின் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் மேலான நீர் ஆவியாகப் பிறக்கின்றது. விறகடுப்பினளவு சூடேறாத அகன்ற கூட்டிலே இந்த ஆவி குளிர்ந்து படிந்து, பழைய கரியை நனைத்து, அடுப்பின்மீது உதிர்க்கின்றது. உதிர்ந்த கரி துளைகளை அடைத்தால் நீலச்சுவாலை மஞ்சளாகும். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து காபனோரொட்சைட்டு உண்டாகின்றது. நிறமும் மணமும் இல்லாத இந்நஞ்சு மூடிய அறையில் ஆளறியாமற் கொல்லவல்லது. ஆகவே, அடுப்பை மாற்றுமுன் கூட்டின் கரியைச் சுரண்டித் துடைத்து, பறவைக் கூடுகளை அகற்றி, வெடிப்புகளைப் பூசிவிடுதல் அவசியம். வாயு அடுப்பையும் சிலிண்டரையும் அப்புறப்படுத்தியபின், ஈரத் தேங்காய்மட்டையைக் கீழே புகையவிட்டால், புகை அயலறைக்கோ கூரைக்குள்ளோ கசிகின்றதா என்பது புலனாகும்.

கூட்டின் உச்சிக்கு, பக்கங்கள் திறந்த தொப்பி ஒன்று வேண்டும். அஃதின்றேல், மாரிகால வாடைக்காற்று கீழ்நோக்கி வீசிச் சுவாலையை அணைத்துவிடலாம். சுவாலை அணைந்தபின்னும் வாயு வந்துகொண்டேயிருக்கும். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில், அறையைச் சூடாக்கும் வாயு அடுப்புக்காகப் பழைய புகைக்கூட்டினுள்ளே துருவேறாத உருக்குக் குழாயை இறக்குவது வழக்கம். அகன்ற கூடு ஒடுங்கியதாகி, சூடு காக்கப்பட்டு, இழுவை நிலைக்கின்றது. சாதாரணச் சமையல் அடுப்புக்கு இக்குழாய் வேண்டியதில்லை. துப்புரவான கூடும் கீழ்த்துவாரங்களும் திறந்த யன்னலும் போதுமானவை.

புகைக்கூட்டை அடைப்பதிலும் நன்மையில்லை. ஆவியும் வெப்பமும் வெளியேற அது நல்ல வழி. அன்றியும், 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் பலர் மீண்டும் விறகை நாடினர். புகைக்கூட்டை அடைத்த வீட்டார் புகைக்குள்ளேயே சமைக்க நேரும். எனினும், ஒரே கூட்டின்கீழ் விறகடுப்பையும் வாயு அடுப்பையும் ஒருங்கே எரித்தல் தகாது.

வாயுவின் மணம் வீசினால் ஆளிகளைத் தொடாமல், கதவு யன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடி, வீட்டார் யாவரும் வெளியேறுதல் வேண்டும். புகை மேலே செல்லும், வாயு கீழே தங்கும் என்னும் இந்த ஒரு வேறுபாட்டைச் சமைப்போரும் சிறுவர்களும் அறிந்திருந்தால் பழைய குசினியிலும் புதிய அடுப்பு அச்சமின்றி எரியும்.