வேலைக்காக மீண்டும் சென்னை

பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவது புதிய செய்தி இல்லை. மக்கள் இடம்பெயர்வதற்கும் விதிகள் உண்டு என்று முதலில் வகுத்துக் காட்டிய ராவன்ஸ்டைன், பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 1885-ல் எழுதிய கட்டுரையிலேயே, ஒரு திசையில் ஆட்கள் திரளாகப் போனால் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கும் என்று குறித்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஊர் திரும்புதல் என்றதும் ஓய்வுபெற்றவர் பூர்வீக வீட்டை வெள்ளையடித்துக் குடிபுகும் காட்சிதான் நினைவுக்கு வரும். அவர் சம்பாத்தியத்தை முடித்துக்கொண்டு வருகிறவர். பிறந்த ஊரே சென்னையாக இருப்பவருக்கு நிலைமை வேறு. அவர் முப்பதுகளின் நடுவில், இன்னும் பெரிய பதவியை ஏற்க, கூடுதல் சம்பளத்துக்குத் திரும்புகிறார். வேலையும் வீடும் ஒரே திசையில் இழுப்பது இந்த ஒரு வகைத் திரும்புதலில்தான்.

இப்படித் திரும்புகிறவர்களில் பலர் முதலில் போன இடம் பெங்களூரு. அந்த நகரம் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மின்னணு நகரம் அங்கே 1978-லேயே தொடங்கப்பட்டது; டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் தன் மையத்தை அங்கே திறந்தது. சென்னையில் அப்போது நல்ல வேலை என்றால் வங்கி, மத்திய அரசு அலுவலகம், தொழிற்சாலை. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனமும் (பின்னாளில் அசோக் லேலண்ட்) பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வடக்கிலும் வடமேற்கிலும் குடியிருப்புகளையே உருவாக்கின. கம்ப்யூட்டர் படித்த அடுத்த தலைமுறைக்கு அந்த வேலைகள் போதவில்லை. தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000-ல். அதற்குள் ஒரு கூட்டமே பெங்களூருக்கு ரயிலேறியிருந்தது.

பிறகு சென்னையின் வேலைச்சந்தை வேறு விதமாக வளர்ந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள், பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகள் என்று பலதும் கலந்த நகரமானது. அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டு வங்கிகளும் மருந்து, வாகன நிறுவனங்களும் தங்கள் சொந்த வேலையைச் செய்துகொள்ள இங்கே அமைக்கும் மையங்கள் பெருகியுள்ளன. துறை வட்டாரத்தில் இவற்றை ஜி.சி.சி. என்பார்கள். வெளியாருக்காக மணிக்கணக்கில் வேலை செய்துகொடுக்கும் பழைய முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: இங்கே அந்த நிறுவனத்தின் வடிவமைப்பு, கணக்கு, ஆராய்ச்சி நேரடியாக நடக்கிறது. அதனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு இடம் கிடைக்கிறது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்து, 2022-ல் மறைமலை நகர் ஆலையின் உற்பத்தி நின்றபோது, சென்னையில் அதே நிறுவனத்தின் அலுவலகப் பணி மையம் தொடர்ந்து இயங்கியது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒரு வேலை போனது, இன்னொன்று நின்றது. ஊர் திரும்புகிறவர் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

பெருநகரம் கூடுதல் சம்பளம் தருவது ஏன் என்பதற்குப் பொருளியலில் நீண்ட விவாதம் இருக்கிறது. ஒரே தொழில் ஓரிடத்தில் திரளும்போது திறமை உள்ள ஆளும் ஆள் தேடும் முதலாளியும் எளிதில் சந்திக்கிறார்கள் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதினார். டி லா ரோக்கா, புகா என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்பெயின் தொழிலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு, திரும்புகிறவர்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும்: பெரிய நகரத்தில் பெற்ற அனுபவத்துக்கு மதிப்பு அதிகம்; அந்த நகரத்தை விட்டுப் போனாலும் அதன் பயன் பெரும்பாலும் கூடவே வருகிறது. பெங்களூரில் எட்டு ஆண்டு உழைத்தவருக்குச் சென்னையில் நல்ல விலை கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரைவிட, அந்த நகரத்தில் அடுத்து கிடைக்கக்கூடிய வேலைகளுக்குத்தான் மதிப்பு அதிகம். புதிய நிறுவனம் ஒத்துவராவிட்டாலோ, ஒரு பிரிவையே மூடிவிட்டாலோ, வீடு மாறாமல் இன்னொரு வேலைக்குப் போக முடியுமா? சிறிய ஊருக்குத் திரும்புகிறவருக்கு இந்த வசதி இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பத்தில் இது இன்னும் முக்கியம். இருவரும் பட்டம் பெற்ற தம்பதிகள் அமெரிக்காவில் பெருநகரங்களில் குவிவதை டோரா கோஸ்டாவும் மேத்யூ கானும் 2000-ல் எடுத்துக்காட்டினார்கள்; இருவருக்கும் தக்க வேலை ஒரே ஊரில் கிடைப்பது அங்கேதான் எளிது. ஒருவருக்குச் சென்னையில் நல்ல வேலை அமைந்து, மற்றவர் பெங்களூரிலேயே இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வருவது தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீளும் குடும்பங்கள் உண்டு.

திரும்புவதற்கு இன்னொரு காரணம் பெற்றோர். வெளியே பேசும்போது சம்பளத்தைச் சொன்னாலும் உள்ளே உறுத்துவது இதுதான் என்று சொல்பவர்கள் ஏராளம். 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு கேரளத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில்தான் அதிகம்; 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம். ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் உள்ள வீட்டில் இருவரும் வெளியூர் என்றால், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக்கூட யார் துணைக்கு வருவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சம்பளப் பேச்சுக்கு வந்தால், மனிதவளத் துறை சொல்லும் சி.டி.சி. என்ற மொத்தத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு, கிடைத்தால் உண்டு என்ற வகையிலான வேரியபிள் பே எல்லாம் அடக்கம். மாதம் கைக்கு வரும் தொகையைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் ‘ஹைக்’ எவ்வளவு என்று தெரியும். கூடுதலாக வரும் பணம் வருமானத்தின் மேல் அடுக்கில் சேர்வதால், அதற்கு உரிய வரி விகிதமும் அதிகம். வீட்டு வாடகைப்படி விலக்கில் நெடுங்காலம் சென்னைக்கு ஒரு சலுகை இருந்தது: சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா நான்குக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, பெங்களூரு உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம் வரை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இந்த விலக்கே கிடையாது என்பதால், இதை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன் எந்த முறையில் வரி கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

பேப்பர் போடும் நாளும் பணத்தைப் பாதிக்கும். தகவல் தொழில்நுட்பத் துறையில் நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாள் என்பது வழக்கம். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் வருவது என்பதால், அந்தத் தகுதியை எட்டுவதற்குச் சற்று முன்பு விலகுவது கணிசமான தொகையை விட்டுக்கொடுப்பதாகும். வைப்புநிதியை எடுத்துச் செலவழிக்காமல் யு.ஏ.என். எண் வழியே புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பணிக்காலம் அறுபடாது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிகிறது. இரண்டு வேலைகளுக்கு நடுவே இரண்டு வாரம் ஓய்வு எடுப்பவர் பெற்றோருக்குத் தனிப் பாலிசி இல்லாவிட்டால் அந்த இரண்டு வாரமும் பாதுகாப்பில்லாத காலம்தான்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் சென்னை திரும்புகிறவரைத் தடுமாற வைப்பது தூரம். திரும்பி வருகிறவர் மனத்தில் இருப்பது ஒரு தெரு, ஒரு பேருந்து எண், ஒரு ரயில் நிலையம். வேலை இருப்பது அவர் படித்துக்கொண்டிருந்தபோது வயலும் ஏரியுமாக இருந்த இடத்தில். மாநகராட்சியே 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய தொழிற்சாலைகள் வடக்கே இருக்க, புதிய அலுவலகங்கள் தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று தெற்கே இறங்கின. ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று மேற்கே போயின. பெரம்பூரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது, சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றால் இடையே 35 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு நெரிசலைத் திட்டிக்கொண்டு வந்தவர் இங்கே காலை ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும்.

இதற்கு மெட்ரோ ரயில் ஓரளவு விடை தரக்கூடும். 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய சேவை பின்னர் விமான நிலையத்தையும் விம்கோ நகரையும் எட்டியது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலை அந்த முதற்கட்டத்தில் இல்லை. சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட இரண்டாம் கட்டத்தில்தான் மாதவரத்திலிருந்து பெரம்பூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை ஒரு வழித்தடம் வருகிறது. வடசென்னை வீட்டையும் தென்கோடி அலுவலகத்தையும் ஒரே கோட்டில் சேர்க்கும் அந்தத் தடம், கட்டி முடிக்கும் வரை தோண்டிய சாலையாகத்தான் அனுபவத்தில் இருக்கும்.

ஆகவே திரும்புகிற குடும்பம் மூன்றில் ஒன்றைத் தேர்கிறது. பெற்றோர் வீட்டில் தங்கி நெடுந்தூரம் போய்வருவது ஒன்று. அலுவலகத்துக்கு அருகே வாடகை வீடு எடுப்பது இன்னொன்று. இதில் ஒரே நகரில் இருந்தும் அம்மாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே கிண்டி, வேளச்சேரி பக்கம் வீடு பார்ப்பது. இது ஆளுக்குப் பாதித் தூரம் என்ற சமரசம், வாடகையில் மட்டும் சமரசம் கிடையாது. பழைய வீட்டை விற்றுவிட்டுப் பெற்றோரையும் தெற்கே அழைத்து வரலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் எழும். நாற்பது வருடம் ஒரே தெருவில் வாழ்ந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

வீடு பார்க்கும்போது வாடகையோடு தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது, பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது தண்ணீர் இல்லாததால். அதே நகரம் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்றது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரங்களில் எழுந்த குடியிருப்புகளில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைத் தரகரைவிட அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரர் சரியாகச் சொல்வார். அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூரின் பத்து மாத வழக்கத்துக்குப் பழகியவருக்கு ஓர் ஆறுதல்: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். மின்கட்டணம் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம்.

பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் ஊர் திரும்புதல் இல்லை, ஊரை விட்டு வருதல். அவர்கள் பிறந்தது பெங்களூரில், நண்பர்கள் அங்கே, பள்ளியில் படித்தது கன்னடமோ இந்தியோ. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகள் நிறைய. தமிழ்நாட்டில் 2006-ல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது, பின்னர் சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட பிற பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அது விரிவானது. ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை அ, ஆ-விலிருந்து தொடங்க நேரிடலாம். முதல் இரண்டு வகுப்புகளுக்குள் இடம் மாறினால் இந்தச் சிரமம் குறைவு. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு என்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை காத்திருப்பதே நல்லது என்று பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. அப்படிக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டின் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் மாநில ஒதுக்கீட்டுக்கு, இங்கே குறிப்பிட்ட ஆண்டுகள் பள்ளியில் படிக்காதவர்கள் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டியிருக்கும்.

உறவினர் வட்டம் திரும்பக் கிடைப்பது லாபமா செலவா என்பது ஆளைப் பொறுத்தது. வெளியூரில் இருந்தவரை ஒரு போன் செய்தால் போதும் என்றிருந்த கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் இனி நேரில் போக வேண்டும். மொய்யும் எழுத வேண்டும். அவசரத்துக்கு மருத்துவமனையில் இரவு தங்க ஆள் கிடைப்பதும் இந்த வட்டத்திலிருந்துதான்.

இனி எஞ்சுவது காகித வேலை. ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு ஆகியவற்றை மாற்ற வேண்டும். எரிவாயுவுக்குப் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிவர வேண்டும். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர், பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்காவிட்டால், இரு இடத்திலும் தனித்தனியாகக் கழிவு தந்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். பாக்கி முழுவதும் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலையில் வந்து நிற்கும். தொழில்வரி சிறிய தொகைதான்: அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது, கர்நாடகத்தில் மாதந்தோறும் பிடிப்பார்கள், சென்னையில் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை.

அதிகம் அலைய வைப்பது வண்டி. கே.ஏ. எண்ணுள்ள வாகனம் 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்பச் சாலை வரி கட்டி, டி.என். எண் பெற்ற பிறகுதான் கர்நாடகத்தில் கட்டிய ஆயுள்கால வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். கடன் பாக்கி உள்ள வண்டிக்கு வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்பதால், பெங்களூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். பத்து வருடத்தைத் தாண்டிய வண்டி என்றால், அதை அங்கேயே விற்றுவிட்டு வருகிறவர்களே அதிகம்.