ஹிப் ஹாப் தலைமுறை விவாதமும் கூடைப்பந்து ரசிகர்களும்

ஹிப் ஹாப் இசையில் பழைய பாணி சிறந்ததா, புதிய பாணி சிறந்ததா என்பது அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் விவாதமாகும்.

பின்னணி

ஹிப் ஹாப் 1973ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. கூடைப்பந்தும் அந்நகரத் தெருக்களின் விளையாட்டாக இருந்ததால் இரண்டும் நெருங்கி வளர்ந்தன. ராப் பாடகர் கர்டிஸ் புளோ 1984இல் 'பாஸ்கெட்பால்' என்ற பாடலை வெளியிட்டார். 1993இல் ஷகீல் ஓ'நீல் என்ற ஆட்டக்காரரே ராப் இசைத்தொகுப்பு வெளியிட்டார்.

இரு தரப்பு வாதங்கள்

பழைய பாணியில், இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த தாளத்தின்மேல் கதையும் சொல்விளையாட்டும் தெளிவாக ஒலிக்கும். இன்றைய பாடல்களில் சொல் விளங்குவதில்லை என்பது மூத்த ரசிகர்களின் குறை. அட்லாண்டாவில் உருவான 'டிராப்' பாணி கனத்த அடித்தாளத்தையும் குரலை மாற்றும் மென்பொருளையும் பயன்படுத்துகிறது. ராகமும் மனநிலையும்கூடப் பொருள் தருபவையே என்பது இளையோரின் பதில்.

விவாதத்தின் உட்பொருள்

2005இல் தேசிய கூடைப்பந்துச் சங்கம் (என்.பி.ஏ.) வீரர்களுக்கு உடைவிதி கொண்டுவந்து, அணி நிகழ்ச்சிகளில் சட்டைக்கு மேல் சங்கிலி அணிவதைத் தடைசெய்தது. ஹிப் ஹாப் பண்பாட்டைக் குறிவைத்த விதி இது என்று கருதி ஆலன் ஐவர்சன் உள்ளிட்டோர் எதிர்த்தனர். அன்று 'ஒழுங்கற்றது' என்று ஒதுக்கப்பட்ட இசையே இன்று 'பழைய பொற்காலம்' எனப் போற்றப்படுகிறது. அன்று அந்தப் பழியைக் கேட்டு வருந்திய இளைஞர்களுள் சிலர், இன்று மூத்தவர்களாகி அதே பழியைப் புதிய பாடல்கள்மீது சுமத்துகின்றனர். மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா என்ற வாதத்திலும் இதே போக்கைக் காணலாம்.