மறுநாளே எந்திரிங்க பாட்டி!

எழுபதைத் தாண்டியவர் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், சொந்தக்காரர்கள் முதலில் விடுவது ஒரு பெருமூச்சு... 'இந்த வயசுல ஆபரேஷனா?'

கத்தியைவிடப் பொல்லாதது கட்டில்! படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். அதனால்தான் இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறுநாளே நிற்க வைப்பது என்று வைத்திருக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு 78 வயது. பிளேட் வைத்த மறுநாள் காலை பிசியோதெரபி பெண் வாக்கரோடு வந்து, "எந்திரிங்க பாட்டி" என்றாள்.

"தையலே காயலியேம்மா!"

"அது பாட்டுக்குக் காயும். நீங்க வாங்க."

நாலடி நடந்தார். வியர்த்துக் கொட்டியது. ராத்திரிதான் கூத்து! காலமாகிப் பத்து வருஷமான பெரியப்பாவுக்குக் காபி கலக்கச் சொன்னார். எங்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. டாக்டர் ரத்தம், யூரின் எல்லாம் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயசானவங்களுக்கு இது சகஜம். கண்ணாடியை மாட்டிவிடுங்க. தெரிஞ்ச முகம் பக்கத்துல இருக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் தெளிந்து, கான்டீன் காபியைத் திட்ட ஆரம்பித்தார். அப்பாடா!

2020-ல் 17 நாடுகளில் 2,970 பேரை வைத்து வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்ததால் உயிரிழப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால், இந்தக் குழப்பம் குறைந்தது. எழுந்து நிற்பதும் சீக்கிரம் நடந்தது.

கசப்பையும் சொல்ல வேண்டும். நாலைந்து பேரில் ஒருவர் வருஷத்துக்குள் தவறிவிடுகிறார். பிழைத்த பலருக்கும் பழைய நடை திரும்புவதில்லை. பெரியம்மாவும் இப்போது கைத்தடிதான், மொட்டை மாடிக்கு 'டாட்டா'!

ஆபரேஷன் முறிந்த எலும்பைச் சேர்க்கும். மற்ற எலும்புகள் பஞ்சாகவே இருக்குமே? வருஷத்துக்கு ஒரு ஜோலிட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர்களுக்கு அடுத்த முறிவு 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்கிற கையோடு, 'எலும்புக்கு என்ன மருந்து டாக்டர்?' என்றும் கேட்டுவிடுங்கள்.