மணிக்கணக்கில் ஓடும் வண்டி

டிராக்டர் வைத்திருப்பவரிடம் யாரும் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று கேட்பதில்லை. "எத்தனை மணி ஓடியிருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அதன் டேஷ்போர்டில் ஹவர் மீட்டர் உண்டு. உழுதாலும் சரி, டேங்கர் இழுத்தாலும் சரி, வரப்போரம் நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் சரி, இன்ஜின் சுற்றிய நேரம் அதில் ஏறிவிடும். ஆயில் மாற்றுவதும் அதைப் பார்த்துத்தான். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒரு முறை. காருக்கோ கிலோமீட்டர் என்று வைத்துவிட்டார்கள்.

எனக்குக் காஞ்சிபுரத்தில் வீடு, கிண்டியில் வேலை. வாசலிலிருந்து வாசலுக்கு 68 கி.மீ.; போக வர 136. ஆண்டுக்கு 270 வேலை நாள் என்றால் 36,720 கி.மீ. வண்டி 2018இல் வாங்கிய நான்கு சிலிண்டர், 1,197 சிசி பெட்ரோல் கார். மீட்டரில் இப்போது 1,94,000. ஏன் பஸ்ஸில் போகக்கூடாது என்று கேட்காதீர்கள். அது வேறு நோட்டு. இந்த நோட்டில் கார் மட்டும்தான்: நீள நோட்டு, 200 பக்கம், இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் ரூபாய். இரண்டு வருடம் முன்புதான் மூன்றாவதாக ஒரு பத்திக்குக் கோடு கிழித்து, மேலே 'மணி' என்று எழுதினேன். அதன் பிறகு கணக்கின் முகமே மாறிவிட்டது.

ஒரு வழிப் பயணத்துக்கு சராசரியாக 105 நிமிடம் ஆகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலை ஏறி, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் தாண்டிப் பூந்தமல்லி வரை 53 கி.மீ.; அதற்கு 55 நிமிடம். பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகக் கத்திப்பாரா இறங்கிக் கிண்டி சேர மீதி 15 கி.மீ.; அதற்கு 50 நிமிடம். ஆண்டுக் கணக்கில் இந்தக் கடைசித் துண்டு 8,100 கி.மீ.; மொத்தத் தூரத்தில் 22 சதவீதம். நேரத்தில் 450 மணி. மொத்தம் 945இல் ஏறக்குறையப் பாதி.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளட்ச் மிதித்ததை எண்ணிக்கொண்டே போனேன். (பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாத நாளில் செய்ய வேண்டிய வேலை.) பூந்தமல்லி வரை 38 முறை. அங்கிருந்து கிண்டிக்கு 212. ஒரு வழிக்கு 250, ஒரு நாளைக்கு 500. என் கிளட்ச் பிளேட் 1,10,000 கி.மீ.யில் தேய்ந்து, கூலியோடு 9,000 ரூபாய் கேட்டது. கிலோமீட்டருக்கு 8 பைசா. ஆனால் கிளட்சுக்குக் கிலோமீட்டர் என்றால் என்னவென்று தெரியாது, மிதிதான் தெரியும். 809 வேலை நாளில் நாலு லட்சத்துச் சொச்சம் மிதி. ஒரு மிதிக்கு 2 பைசாவுக்குக் கொஞ்சம் மேல். அந்த 9,000 ரூபாயில் 85 சதவீதம், அதாவது 7,600 ரூபாய்க்கு மேல், 15 கி.மீ. சாலைக்குப் போன செலவு. சிக்னலில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுக்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான். அடுத்த பிளேட் இப்போது 84,000 கி.மீ. ஆகியும் பிடிப்பு தளரவில்லை.

ஆயிலுக்கு வருவோம். கம்பெனிப் புத்தகம் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்கிறது. நான் ஆண்டுக்கு நாலு முறை மாற்றுகிறேன்: 9,180 கி.மீ.க்கு ஒரு முறை, மணியில் 236. டிராக்டர் கணக்குக்குக் கிட்டே வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரருக்கும் அதே வருடத்து, அதே மாடல் கார். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று ஊருக்குள்ளேயே ஓடி 62,000 கி.மீ. ஆண்டுக்கு 7,750. அவர் வருடம் ஒரு முறை, புத்தகப்படி, தவறாமல் ஆயில் மாற்றுகிறார். ஆனால் காஞ்சிபுரத் தெருக்களில் சராசரி வேகம் என் கணிப்பில் மணிக்கு 15 கி.மீ. தாண்டாது. அப்படியானால் அவருடைய ஆயில் ஒவ்வொரு முறையும் 517 மணி வேலை பார்க்கிறது. என்னுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு: சாவி திருப்பும் கணக்கு. இன்ஜினுக்குத் தேய்மானம் அதிகம் நடப்பது ஆறிக் கிடந்து எழும் முதல் சில நிமிடங்களில். ஆயில் கீழே சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் பாயும். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரைமணி ஓடினால் அந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விடும். ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தினால் உள்ளேயே தங்கும், சைலன்ஸருக்குள்ளும் தண்ணீராகத் தேங்கி உள்ளிருந்தே துருவேற்றும். என் வண்டி 68 கி.மீ.க்கு ஒரு முறை எழுகிறது: இதுவரை சுமார் 2,850 முறை. அவருடையது ஐந்து கி.மீ.க்கு ஒரு முறை என்றால் 12,400. மீட்டரில் என்னுடையது மூன்று மடங்கு கிழம். சாவியில் அவருடையது நாலு மடங்கு கிழம்.

இதைச் சொல்லி ஆயிலை 15,000 கி.மீ. வரை இழுக்கலாமே என்று எனக்கே ஆசை வந்தது. அப்போதும் 386 மணிதான். ஒரு தடவைக்கு ஃபில்டரோடு 2,300 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 3,570. வேலை நாளுக்குப் பிரித்தால் 13 ரூபாய், ஒரு டீ. அந்த டீக்காக 945 மணி நேரமும் மனதில் ஒரு மூலையில் உறுத்தல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். டிப்ஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் இழுத்துத் துடைத்துப் பார்க்கிறேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓடிய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது சகஜம். என்னுடையது ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 200 மில்லி குடிக்கிறது. குடிப்பது தப்பில்லை, அளவு கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

இதோ ஒரு வருடக் கணக்கு, 36,720 கி.மீ.க்கு. நீடித்து உழைக்கும் சாமான்களின் விலையை அவை ஓடும் தூரத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

பெட்ரோல் 2,040 லிட்டர் (லிட்டருக்கு 18 கி.மீ., விலை 101 ரூபாய்): 2,06,040
இன்ஜின் ஆயில், ஃபில்டர், 4 முறை: 9,200
டயர் (செட் 18,000, 45,000 கி.மீ.): 14,700
அலைன்மென்ட், பேலன்சிங், 4 முறை: 4,000
ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர்: 1,600
பிரேக் பேடு, பிரேக் ஆயில்: 2,400
கிளட்ச்: 3,000
ஸ்பார்க் பிளக்: 550
பேட்டரி (4,500, நாலு வருடம்): 1,125
கூலன்ட், ஹோஸ், பெல்ட்: 2,000
சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட் வகையறா: 6,000
டோல்: 8,100
இன்சூரன்ஸ்: 9,500

மொத்தம் 2,68,215 ரூபாய். கிலோமீட்டருக்கு 7.30. அதில் பெட்ரோல் 5.61. வண்டியை நல்லபடி வைத்துக்கொள்ள ஆகும் செலவு, ஆயில் முதல் புஷ் வரை எல்லாம் சேர்ந்து 44,575, கிலோமீட்டருக்கு 1.21. மணிக்கணக்கில் 47 ரூபாய்.

இதில் டோல் கணக்கு புதுசு. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஆண்டு பாஸ் வந்தது: அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஓராண்டு. ஆண்டுக்கு 540 முறை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டோல்கேட்டைத் தாண்டுகிறவனுக்கு 'ஆண்டு பாஸ்' என்ற பெயர் கொஞ்சம் வேடிக்கை. 100 வேலை நாளில் தீர்ந்துவிடுகிறது. இருந்தாலும் அந்த விலைக்கு ஒரு தாண்டலுக்கு 15 ரூபாய்தான்.

பெட்ரோல் கணக்கில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2021, 2022 பக்கங்களில் சராசரி 19.2 என்று இருக்கிறது. இப்போது 18. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறைய வேண்டும். என் குறைவு 6.25. அச்சாகப் பொருந்துகிறது என்று துள்ளிக் குதிக்கலாம். ஆனால் 2021, 2022 பெட்ரோலிலும் ஏற்கெனவே கொஞ்சம் எத்தனால் இருந்தது. இடைப்பட்ட காலத்தில்தான் போரூர்ச் சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பி வண்டிகள் ஊர்ந்தன. என் இன்ஜினுக்கும் வயது ஏறியது. பழியை மூன்று பேருக்கும் எப்படிப் பிரிப்பது? பிரிக்கவில்லை. கூடுதலாகக் குடித்தது 128 லிட்டர், ஏறக்குறைய 12,900 ரூபாய் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் கையில் இருந்த பிழை வேறு. ஒரு மாதம் முழுக்க நெடுஞ்சாலையில் 80க்குப் பதிலாக 100இல் ஓட்டிப் பார்த்தேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80க்கும் 100க்கும் நடுவே அது 56 சதவீதம் கூடுகிறது. மொத்த மைலேஜ் 18இலிருந்து 16.6க்கு இறங்கியது. ஒரு நாளைக்கு 64 ரூபாய் கூடுதல். நெடுஞ்சாலையில் தாராளமாக ஓடக் கிடைக்கும் 45 கி.மீ.யில் மிச்சமான நேரம் ஏழு நிமிடம்கூட இல்லை. அந்த ஏழையும் பூந்தமல்லி சிக்னல் வாங்கிக்கொண்டது.

80இல் டாப் கியரில் என் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று. கிலோமீட்டருக்கு 1,800. ஒவ்வொரு பிளக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விடுவதால் கிலோமீட்டருக்கு 900 பொறி, 40,000 கி.மீ.யில் கழற்றும்போது ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று கோடியே அறுபது லட்சம் பொறி விட்டிருக்கும். 150 ரூபாய்ச் சாமானுக்கு இது பெரிய உழைப்பு. டயரும் அப்படித்தான். 165/80 ஆர்14 டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 526 முறை உருள்கிறது. புதிதில் 8 மில்லிமீட்டர் பள்ளம், சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், மழைக்காலத்தை நினைத்து நான் 2இல் மாற்றிவிடுவேன். 45,000 கி.மீ.யில் 6 மில்லிமீட்டர் தேய்வதை உருளலுக்குப் பிரித்தால், ஒரு உருளலுக்கு ஒரு மில்லிமீட்டரில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. காற்று குறைந்தால் ஓரத்தில் மட்டும் இது வேகமாகும். காற்று பார்க்க பங்க்கில் காசு கேட்பதில்லை; வெயிலில் ஓடிச் சூடான டயரில் பார்த்தால் பொய் சொல்லும் என்பதால் ஞாயிறு காலை போகிறேன்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன் ஏமாறிய பக்கமும் நோட்டில் இருக்கிறது. 1,40,000ஆவது கி.மீ. சர்வீஸ். செவிலிமேட்டு மெக்கானிக் ரேடியேட்டரின் மேல் ஹோஸை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினார். "சார், ஹோஸ் உப்பியிருக்கு. மாத்திடலாமா?" ஹோஸ் 450, கூலன்ட் 900, கூலி 300; மொத்தம் 1,650. மாதக் கடைசி. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்ணே" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து, காலை ஆறே முக்காலுக்குச் சுங்குவார்சத்திரம் தாண்டியதும் டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதாவது உடனே ஓரம்கட்டியிருக்கலாம். ஒரு பங்க் கண்ணுக்குத் தெரிந்தது, அது வரைக்கும் போய்விடலாமே என்று ஓட்டினேன். ஹோஸ் கிழிந்தால் அழுத்தம் போய்விடும். மூடி அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும் கூலன்ட், அது போனதும் அங்கேயே கொதித்து ஆவியாகும். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைய அதிக நேரம் தேவையில்லை. ரெக்கவரி வண்டிக்கு 3,200. ஹெட் ஃபேசிங், ஹெட் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்து 19,400. மூன்று நாள் பஸ்ஸும் ஆட்டோவுமாக 1,140. ஆக 23,740 ரூபாய். தள்ளிப்போட்ட செலவைப்போல 14 மடங்கு. ஒரு வருடப் பராமரிப்பில் பாதிக்கு மேல். மேலே கொடுத்த கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. சேர்க்க மனம் வரவில்லை என்பது சரியான பதில்.

அதன் பிறகு ரப்பருக்கு மட்டும் தனிப் பக்கம்: ஹோஸ், ஃபேன் பெல்ட், புஷ், வைப்பர். ரப்பருக்குக் கிலோமீட்டரும் இல்லை, மணியும் இல்லை, வெயிலும் வருடமும்தான். பிரேக் ஆயிலும் இந்த ஜாதி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 230 டிகிரிக்குமேல் கொதிக்க வேண்டிய டாட் 4 ஆயில், ஈரமேறினால் 155 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 700 ரூபாய். எதிர்வீட்டுக்காரர் எட்டு வருடத்தில் ஒரு முறையும் மாற்றவில்லை என்றார். அவர் வண்டி 'ஓடவே இல்லை' அல்லவா.

போன மாதம் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். இரண்டு வண்டிகளையும் பார்த்தார். எதிர்வீட்டு வண்டியின் மீட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். விலையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வித்தியாசம் சொன்னார். மணிக்கணக்கில் பார்த்தால் என்னுடையது 5,000, அவருடையது 4,100 என்றேன். சாவிக் கணக்கையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார்.

"கையெழுத்து நல்லா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.