இரண்டு மாத்திரைப் பெட்டி, ஒரே உடம்பு

தேக்கா சந்தையில் "தே ஓ கொசோங்" என்று கேட்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இனிப்பு நீர் என்று சொல்லிக்கொள்வதில் லிட்டில் இந்தியாவில் இப்போது வெட்கம் ஏதும் மிச்சமில்லை. கல்யாணப் பந்தியில்கூட யாருக்கு எந்த மாத்திரை என்று சத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அதே ஆள் புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்குப் போய்வருகிறார் என்றால், அது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாது. ஒரு நோய் மேசை மேல், இன்னொன்று அலமாரிக்குள். சர்க்கரை அடங்க மறுப்பதற்கு இந்த ஒளிவுமறைவும் ஒரு காரணம்.

நீரிழிவின்மீது போர் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது 2016-ல். அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு நம்மவர்களை உலுக்கியது: 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. பான டின்களில் ஏ முதல் டி வரை தரக்குறியீடு வந்தது 2022 டிசம்பர் 30 அன்று.

மனநலத்துக்கும் கணக்கு இருக்கிறது. மனநலக் கழகம் நடத்திய 2016-ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது பெரும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 6.3 விழுக்காடு, பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் 1.6 விழுக்காடு. மனநோய்க்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் எந்த உதவியையும் நாடவில்லை. அதற்கு முந்தைய 2010 ஆய்விலோ, பெரும் மனச்சோர்வு மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. ஆக, இரண்டு பட்டியலிலும் நாம் முன்வரிசையில் நிற்கிறோம். ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-லேயே சொல்லப்பட்டது. எதிர்ப்பக்கமும் உண்மை: மனச்சோர்வு நீண்டால் நீரிழிவு வரும் அபாயம் கூடுகிறது. மன உளைச்சலில் சுரக்கும் கார்ட்டிசோல், கல்லீரலைச் சர்க்கரையை வெளிவிடச் சொல்கிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் செய்கிறது. தூக்கம் கெடுகிறது, நடை நிற்கிறது. நீண்ட துக்கம்தான் நீரிழிவுக்குக் காரணம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்தார். அவர் சொன்னது பாதி சரி.

ஆனால் ஹார்மோனைவிடப் பெரிய காரணம் அன்றாடம். நோயாளியைச் சும்மா விடாத நோய் நீரிழிவு. எதைச் சாப்பிடுவது, எவ்வளவு, மாத்திரை முன்பா பின்பா, விரலைக் குத்திப் பார்ப்பதா, காலில் புண் இருக்கிறதா, நடக்கப் போவதா என்று காலையிலிருந்து இரவுவரை முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வு முதலில் பறிப்பது அந்த முடிவெடுக்கும் தெம்பைத்தான். படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடாக இருப்பவரிடம் போய் "கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்பதில் என்ன பயன்? நம் வீடுகளில் அதைத்தான் கேட்கிறோம். சில சமயம் மருந்தகத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண் 7-லிருந்து 9-க்கு ஏறியிருந்தால், அந்த மூன்று மாதம் அவர் எப்படித் தூங்கினார், யாரோடு பேசினார், எதிலாவது மனம் ஒட்டியதா என்று கேட்பதுதான் மருத்துவம். அந்த எண்ணைத் தேர்வு மதிப்பெண்போல் நீட்டித் திட்டினால், அடுத்த முறை அவர் வரவே மாட்டார்.

இருமுனைக் கோளாறின் கதை வேறு. சோர்வுக் கட்டத்தில் மேலே சொன்ன அத்தனையும் நடக்கும். எழுச்சிக் கட்டத்திலோ, எனக்கு நோயே இல்லை என்று தோன்றும். இரவெல்லாம் விழிப்பு, வேளை கெட்ட சாப்பாடு, மாத்திரை தேவையில்லை என்ற உறுதி. இன்சுலின் போடுபவர் ஊசியை மறந்தாலும் ஆபத்து, போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தாலும் ஆபத்து.

அடுத்தது மருந்து. ஒலான்சபின், குளோசபின், ஓரளவு குயட்டியபின் போன்ற மனநல மருந்துகள் பசியைத் தூண்டி எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. இத்தகைய மருந்தைத் தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும், பிறகு ஆண்டுதோறும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கமும் 2004-ல் சேர்ந்தே சொல்லிவிட்டன. எடை ஏறுகிறதே என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது தவறான வழி. மாற்று மருந்து உண்டு, அளவைக் குறைக்கலாம், எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டு. மருத்துவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லித்தியத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். இருமுனைக் கோளாற்றுக்கு அருமையான மருந்து, ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகத்தைக் காக்கவும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் எனலாபிரில், லோசார்ட்டன் போன்றவை லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென்னும் அப்படியே. லித்தியமே தாகத்தையும் அடிக்கடி சிறுநீரையும் கொடுக்கும். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து நீரிழிவு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் எதனால் தாகம் என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே தைப்பூசத்தைச் சொல்லாமல் போக முடியாது. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்கு வெயிலில் காவடி எடுப்பவர்கள் பல நாள் விரதம் இருக்கிறார்கள். உப்பைக் குறைத்தாலும் உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் பக்திப் பரவசம் என்று விட்டுவிடாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கிளிப்பிசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை விழுந்துவிடும். விரதத்தை விடச் சொல்லவில்லை. மாலை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சர்க்கரை விழுவதும் பதற்றத் தாக்குதலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: படபடப்பு, வியர்வை, கை நடுங்குதல், ஏதோ ஆகப்போகிறது என்ற பயம். சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். அளவு 4-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பதற்றத்துக்கு புரோப்ரனலால் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடும், வியர்வை மட்டுமே மிஞ்சலாம்.

இரண்டு நோயையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டா? உண்டு, அதுவும் இந்தியாவிலிருந்து வந்த சான்றோடு. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில் 404 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோயாளியோடு தொடர்பிலேயே இருந்து, மனநிலையையும் சர்க்கரையையும் ஒன்றாகக் குறித்து வைத்தார். மனநல மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் அந்தக் குறிப்பைப் பார்த்து மருந்தை மாற்றினர். இரண்டாண்டு முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இலக்குப்படி மேம்பட்டவர்கள் 71.6 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 57.4. ஆய்வு 2020-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. புது மாத்திரை எதுவும் கண்டுபிடிக்காமல், விடாமல் விசாரிக்க ஓர் ஆள் போட்டதற்குக் கிடைத்த பலன் இது.

சிங்கப்பூரில் இதற்குத் தடை பணம் என்று சொல்வது கடினம். நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் பணத்தை எடுக்கும் திட்டம் 2006-ல் நீரிழிவோடு தொடங்கியது. 2009-ல் பெரும் மனச்சோர்வும் 2011-ல் இருமுனைக் கோளாறும் சேர்க்கப்பட்டன. 2021-ல் வந்த விதியின்படி, பட்டியலில் உள்ள இரண்டு நோய்கள் இருந்தால் ஆண்டுக்கு எடுக்கக்கூடிய வரம்பு 500 வெள்ளியிலிருந்து 700 வெள்ளியாக உயர்கிறது. நீரிழிவும் மனச்சோர்வும் அப்படிப்பட்ட இரண்டு. அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. நோயாளியின் வாயில்தான் இன்னும் வரவில்லை.

ஆகவே அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மனநல மாத்திரைகளையும், மனநலக் கழகத்துக்குப் போகும்போது சர்க்கரை மாத்திரைகளையும் கடைசி எச்பிஏ1சி முடிவையும் கையோடு கொண்டுபோங்கள். அப்பாவையோ அம்மாவையோ அழைத்துப்போகும் பிள்ளைகள் "இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறார், டாக்டர்" என்ற ஒரு வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். மனம் கனத்துப் பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222. மூன்று எண்களிலும் 24 மணி நேரமும் ஆள் உண்டு.